யார் பக்கம் நியாயம் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்

பிரிவது என்று முடிவாகிவிட்டது, மத்தியஸ்தத்துக்குப் போகலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உன் பக்கம்தான் நியாயம் என்று மூன்றாவது ஆள் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று உனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது? கேட்டதும் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள், சிலருக்குக் கோபம்கூட வரும். அந்த ஆசையில் தவறே இல்லை. பல வருஷம் ஒரே வீட்டில் இருந்து, பொறுத்து, சண்டை போட்டு, கடைசியில் இந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு "ஆமாம், உனக்கு நடந்தது அநியாயம்தான்" என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மத்தியஸ்த அறையில் அந்த ஒன்று மட்டும் கிடைக்காது. எத்தனை முறை போனாலும் கிடைக்காது. தெரிந்து போகிறவர்களுக்கு அங்கே நிறைய வேலை நடக்கும், தெரியாமல் போகிறவர்கள் முதல் நாளே "இவங்க அவர் பக்கம் பேசுறாங்க" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள்.

நானும் என் கணவராக இருந்தவரும் அந்த வழியில்தான் பிரிந்தோம். வருஷங்கள் ஆகிவிட்டன. எங்களுக்கு ஒரு மகள். அதற்கப்புறம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் உங்கள் ஊர்ச் சட்டத்தை உங்கள் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். அறைக்குள் என்ன நடக்கிறது, அதற்கு எப்படித் தயாராவது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

பெரும்பாலான குழப்பம் ஒன்றில்தான் தொடங்குகிறது. மத்தியஸ்தம் என்றதும் மறுபடி சேர்த்து வைக்கிற ஏற்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேர்ந்து வாழ வழி தேடுவது கவுன்சலிங், அது வேறு. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து "விட்டுக்கொடுத்துப் போ" என்று சொல்வது இன்னும் வேறு. நான் சொல்லும் மத்தியஸ்தத்தில் பிரிவது என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். குழந்தை யாரோடு எப்போது இருக்கும், வீடு என்ன ஆகும், கடனை யார் கட்டுவது, பராமரிப்புத் தொகை எவ்வளவு என்பவற்றை நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்மானிக்கிறீர்கள். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லமாட்டார், அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. பேச்சு திசை மாறாமல் பார்த்துக்கொள்வதும், ஒருவர் மற்றவரை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், நீங்கள் சொல்லும் ஏற்பாடு நாளைக்கு உண்மையிலேயே நடக்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதும்தான் அவர் வேலை.

இன்றைக்கு நாம் காணும் இந்த முறை ரொம்பப் பழையது ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஓ. ஜே. கூக்ளர் என்ற வக்கீல், தன் சொந்த விவாகரத்து பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, 1974-இல் குடும்ப மத்தியஸ்தத்துக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். 1981-இல் கலிஃபோர்னியாவில், குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நீதிபதி முன் விசாரணைக்குப் போகும் முன் மத்தியஸ்தம் கட்டாயம் என்றே ஆயிற்று. இந்தியாவில் 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், இணக்கத்துக்கு வழி இருக்கிற இடத்தில் அதற்கு முயல வேண்டும் என்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 முதல், சில விலக்குகள் போக, நீதிமன்றத்தில் மனு போடும் முன் மத்தியஸ்தம் பற்றிய தகவல் கூட்டத்துக்காவது போய்வர வேண்டும். நார்வேயில் 16 வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் பெற்றோர் பிரியும்போது குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். கவனித்துப் பாருங்கள், எங்கே கட்டாயம் என்று சொன்னாலும் அந்தக் கட்டாயம் போய் உட்காருவதற்குத்தான். ஒத்துக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

முதல் சந்திப்பு பெரும்பாலும் தனித்தனியாக நடக்கும். அதை ஒரு சம்பிரதாயம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்தச் சந்திப்பில்தான் மத்தியஸ்தர் உங்களிடம் கேட்பார்: அவர் உன்னை அடித்திருக்கிறாரா, பணத்தை உன் கைக்குக் கிடைக்காமல் செய்திருக்கிறாரா, போனைச் சோதிப்பாரா, அவர் எதிரில் உட்கார்ந்து 'வேண்டாம்' என்று உன்னால் சொல்ல முடியுமா. கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். இந்த முறை முழுக்க ஒரே ஒரு ஊன்றுகோலில் நிற்கிறது: இரண்டு பேருக்கும் 'முடியாது' என்று சொல்லும் தைரியம் இருக்க வேண்டும். ஒருவர் புருவத்தை உயர்த்தினாலே இன்னொருவர் பேச்சு அடங்கிவிடும் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, அந்த அறையில் எழுதப்படும் ஒப்பந்தம் வீட்டில் நடந்த மிரட்டலின் நகலாகத்தான் இருக்கும், அடியில் கையெழுத்து வேறு. 2011-இல் வந்த இஸ்தான்புல் உடன்படிக்கை, அதாவது பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், அந்த வன்முறை சம்பந்தப்பட்ட விஷயங்களில் மத்தியஸ்தத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 48-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. அதனால் அடி உதை இருந்த வீட்டிலிருந்து வருகிறவரிடம் "சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளலாமே" என்று யாராவது புத்தி சொன்னால் எனக்குக் கொதிக்கிறது. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு ஆணை, அப்புறம் வக்கீல். அவரே விரும்பி, ஆபத்து இல்லை என்று அனுபவமுள்ளவர்களும் உறுதிசெய்தால், இரண்டு பேரும் வேறு வேறு அறையில் உட்கார மத்தியஸ்தர் இரண்டுக்கும் நடுவே போய்வருகிற முறை இருக்கிறது. அவர் விரும்பினால் மட்டும்.

சரி, பயம் இல்லை, வெறும் கோபமும் வருத்தமும்தான் என்றால்?

எங்கள் விஷயம் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் சனி ஞாயிறு யாருக்கு என்பதில் மாட்டிக்கொண்டு நின்றோம். அவர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றார், நான் மாதத்துக்கு ஒன்று என்றேன், இரண்டு பேரிடமும் காரணங்கள் தயாராக இருந்தன, அந்தக் காரணங்கள் எல்லாமே கடந்த காலத்திலிருந்து எடுத்துக் கோத்தவை. மத்தியஸ்தர் அதை விட்டுவிட்டார். "உங்கள் மகளுடைய ஒரு சாதாரண புதன்கிழமையைச் சொல்லுங்கள், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும்" என்றார். ஆளுக்கு ஒரு முறை சொன்னோம். எழுப்புவது யார், தலை பின்னுவது யார், மருந்து இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கும், நீச்சல் வகுப்பில் கொண்டுவிடுவது யார், வீட்டுப்பாடத்தில் கணக்கு என்றால் யாரைக் கூப்பிடுவாள், தூங்கப் போகும்போது யாரிடம் என்ன பேசுவாள். சொல்லி முடித்தபோது வெள்ளைப் பலகையில் இருந்தது ஒரு குழந்தையின் நாள். அதில் எங்கள் சண்டை எங்கேயும் வரவில்லை. அப்புறம் அவர் கேட்டது, "இதில் எது எது மாறாமல் இருக்க வேண்டும்?" என்று. அந்தக் கேள்விக்கு எங்கள் இரண்டு பேர் பதிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. சனி ஞாயிறு கணக்கு அதற்கப்புறம் தீர்ந்தது, கொஞ்சம் இழுத்தடித்துத்தான், ஆனால் தீர்ந்தது.

இன்ஹேலரைச் சும்மா சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், தீரும் தேதியை யார் பார்ப்பது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. எந்த நீதிபதியும் அப்படி ஒரு வரி எழுத உட்காரமாட்டார், அவருக்கு நேரமும் கிடையாது, அந்தக் குழந்தையையும் தெரியாது. குழந்தை விஷயத்தில் ஒப்பந்தம் எவ்வளவு சின்ன விவரம் வரைக்கும் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. கைமாற்றுவது எங்கே? பள்ளி வாசல் என்றால் பெற்றோர் இருவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டியதில்லை, ஆரம்ப மாதங்களில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தால்தான் தெரியும். லேட்டானால் எவ்வளவு நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், காய்ச்சல் என்றால் குழந்தை இருக்கும் வீட்டிலேயே இருக்குமா, பாஸ்போர்ட் யாரிடம், வெளிநாடு கூட்டிப்போக எவ்வளவு முன்னாடி கேட்க வேண்டும், மற்ற வீட்டில் இருக்கும்போது போன் எத்தனை மணிக்கு, புதிதாக ஒருவர் வாழ்க்கையில் வந்தால் குழந்தைக்கு எப்போது அறிமுகம். கடைசியாகச் சொன்னதைப் பேசும்போது அறையில் மூச்சு முட்டும். அப்போதே பேசிவிடுங்கள்.

குழந்தையும் ஏதாவது சொல்ல நினைக்குமே என்பவர்களுக்கு: அதற்கும் வழி உண்டு. ஆஸ்திரேலியா மாதிரி சில இடங்களில், பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையைத் தனியாகச் சந்தித்துப் பேசி, குழந்தை சம்மதிக்கிற விஷயங்களை மட்டும் பெற்றோரிடம் வந்து சொல்வார். "யாரோடு இருக்க ஆசை" என்ற கேள்வி அங்கே கேட்கப்படாது, கேட்கவும் கூடாது. தேர்ந்தெடுக்கிற பாரத்தைக் குழந்தை தலையில் வைப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை.

பணப் பேச்சு வேறு மாதிரி. அங்கே நல்லெண்ணம் மட்டும் போதாது, காகிதம் வேண்டும். இரண்டு பேரும் எல்லாவற்றையும் மேஜையில் வைக்க வேண்டும்: வங்கிக் கணக்கு விவரங்கள், சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன், தனிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, காப்பீடு, பங்குகள், நகை, ஓய்வூதியம். ஓய்வூதியத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், கையில் இல்லாத பணம் என்பதால் கண்ணில் படுவதில்லை, ஆனால் சில குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்தே அதுதான். மத்தியஸ்தருக்கு வங்கியிடம் போய்க் கேட்டு வாங்கும் அதிகாரம் இல்லை. நீதிமன்றத்துக்கு உண்டு. எதிராளி கணக்கை மறைக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் பணப் பேச்சை மட்டும் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள், இதில் தயங்க வேண்டாம். வீட்டு வரவு செலவை இதுவரை பார்த்தே இராதவர்கள், பெரும்பாலும் பெண்கள், மேஜையில் உட்காரும் முன் ஒரு கணக்குத் தெரிந்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் புரிந்துகொள்ளுங்கள். புரியாத எண்ணுக்குச் சம்மதம் சொல்லக் கூடாது. "எனக்கு இது விளங்கவில்லை, அடுத்த தடவை பேசலாம்" என்று சொல்வது முழுக்க உங்கள் உரிமை.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "வீடு எனக்கு வேண்டும்" என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நல்ல மத்தியஸ்தர் தோண்டித் தோண்டிக் கேட்பார். சிலருக்கு அது பள்ளி மாறக் கூடாது என்ற கவலை, சிலருக்கு வயதான அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம், சிலருக்கு வெளியேறினால் தோற்றதாகிவிடும் என்ற எண்ணம். முதல் இரண்டுக்கும் வீடு இல்லாமலும் வழி கண்டுபிடிக்கலாம். மூன்றாவதற்கு வீடு கிடைத்தாலும் வழி இல்லை, கட்ட முடியாத தவணையை இழுத்துக்கொண்டு கிடப்பதுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் வக்கீல் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும், கண்டிப்பாக வேண்டும். 1979-இல் ராபர்ட் ம்னூக்கின், லூயிஸ் கோர்ன்ஹாசர் என்ற இரண்டு அமெரிக்கச் சட்ட அறிஞர்கள், விவாகரத்துப் பேரங்கள் எல்லாமே சட்டத்தின் நிழலில்தான் நடக்கின்றன என்று எழுதினார்கள். பேச்சு முறிந்து நீதிமன்றம் போனால் தனக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்தவருக்கு ஒரு பலம் இருக்கிறது, தெரியாதவர் இருட்டில் கை நீட்டுகிறார். மத்தியஸ்தர் சட்டத் தகவல் சொல்லலாம், ஆனால் "இது உனக்கு நல்ல ஏற்பாடு" என்று ஆலோசனை சொல்லமாட்டார். அதனால் அறைக்குப் போகும் முன் ஒரு முறை, கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை, உங்களுக்கென்று இருக்கும் வக்கீலைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் என்ற சிக்கனம் வேண்டாம்.

அங்கே பேசியது வெளியே போகாது என்பது பெரிய பலம். சமாதானத்துக்காக ஒரு படி இறங்கிப் பேசினால் அதையே நாளைக்கு நீதிமன்றத்தில் "இவரே ஒத்துக்கொண்டாரே" என்று எடுத்துப்போட முடியாது, அதனால்தான் தைரியமாகப் பேச முடிகிறது. குழந்தைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரியவந்தால் அந்த ரகசியம் நிற்காது, சரிதான், நிற்கவும் கூடாது. சொத்து வருமான விவரங்களும் சில நாடுகளில் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. முதல் நாள் தரும் காகிதத்தில் இது எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

இத்தனையும் செய்தால் மனக்காயம் ஆறுமா? இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்றால் ஓர் ஆய்வைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ராபர்ட் எமெரி என்ற உளவியல் அறிஞர், குழந்தை யாரிடம் என்ற வழக்கோடு நீதிமன்றத்துக்கு வந்த குடும்பங்களைக் குலுக்கல் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மத்தியஸ்தத்துக்கு அழைத்தார், மற்றவர்கள் வழக்கை நடத்தினார்கள். 12 வருஷம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது, குழந்தையோடு வசிக்காத பெற்றோரில் வாரம் ஒரு முறையாவது குழந்தையைப் பார்க்கிறவர்கள் மத்தியஸ்தம் செய்த குடும்பங்களில் 10-க்கு ஏறத்தாழ 3 பேர், வழக்கு நடத்திய குடும்பங்களில் 10-க்கு ஒருவர் என்ற அளவுக்குத்தான். போனில் பேசுவதிலும் வித்தியாசம் அப்படியே பெரியது. இத்தனைக்கும் அவர்கள் மத்தியஸ்தத்தில் உட்கார்ந்தது சராசரியாக ஐந்தாறு மணி நேரம்! ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பெற்றோரின் மனநலத்தில் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துக்கம் துக்கமாகவே இருந்தது. வழக்கு நடத்திய அம்மாக்களில் பலர் திருப்தியாகவே இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது, அந்தக் காலத்து நீதிமன்றங்களில் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் குழந்தை கிடைத்தது. அவர்கள் கேட்ட தீர்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. குழந்தைக்கு அப்பாவோடு இருந்த தொடர்புதான் தேய்ந்துபோனது.

இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. "உன் பக்கம்தான் நியாயம்" என்ற ஆறுதலும், நாளைக்குப் பள்ளிக்கு யார் கொண்டுவிடுவது என்ற ஏற்பாடும் வெவ்வேறு இடத்தில் கிடைக்க வேண்டியவை. முதலாவதை நண்பர்களிடம் தேடுங்கள், அக்கா தங்கையிடம், மனநல ஆலோசகரிடம் தேடுங்கள், அழுது தீருங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மத்தியஸ்த அறைக்கு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பிரிந்த உடனே, காயம் பச்சையாக இருக்கும்போதே ஓடாமல், அவசரமான விஷயங்களுக்கு மட்டும் தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டு சில வாரம் பொறுத்துப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒருவர் பிரிய ரொம்ப நாளாக யோசித்திருப்பார், மற்றவருக்கு நேற்றுத்தான் தெரிந்திருக்கும், இரண்டு பேரும் ஒரே மனநிலையில் வந்து உட்கார முடியாது.

ஒப்பந்தம் எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிட வேண்டாம். பல நாடுகளில் அந்தக் காகிதம் தானாகச் சட்டபூர்வமாகாது. நீதிமன்றத்தில் கொடுத்து ஆணையாக வாங்கினால்தான் நாளைக்கு ஒருவர் மீறினால் நடவடிக்கை எடுக்க முடியும். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்ப்போம் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுதிய அட்டவணை பதினொரு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது. எல்லாவற்றிலும் உடன்பாடு வரவில்லை என்றாலும் வந்தவரைக்கும் எழுதிக்கொள்ளலாம், குழந்தை விஷயம் முடிந்து வீடு மட்டும் பாக்கி என்றால் நீதிபதி முன் வீட்டை மட்டும் வைத்தால் போதும்.

எல்லோரும் கடைசியாகக் கேட்பது: நான் தயார், அவர் வரமாட்டேன் என்கிறாரே, என்ன செய்வது? உறவினர் யாரையும் தூது விடாதீர்கள், அது உடனே பழைய சண்டையாகிவிடும். நீங்கள் முதல் சந்திப்புக்குத் தனியாகப் போங்கள், மத்தியஸ்தரே அவருக்குக் கடிதம் எழுதுவார். உங்களிடமிருந்து வந்தால் படிக்காமல் ஒதுக்குகிறவர்கள்கூட வெளியாள் எழுதியதைப் படிக்கிறார்கள், அதுவும் "உங்கள் மனைவி சொல்கிறார்" என்று இல்லாமல் "உங்கள் தரப்பைக் கேட்க விரும்புகிறேன்" என்று இருந்தால். அதற்கும் வரவில்லை என்றால், முயன்று பார்த்தோம், மற்றவர் வரவில்லை என்று மத்தியஸ்தர் எழுதித் தருகிற வழக்கம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் இருக்கிறது, அதை வைத்து நீதிமன்றம் போகலாம். அதை நீங்கள் தோற்றதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் எந்த வாய்தாவிலும் மத்தியஸ்தத்துக்கு அனுப்பும்படி கேட்க முடியும், செலவும் அலைச்சலும் தெரிந்த பிறகு முதலில் மறுத்தவரே சம்மதித்து வருவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் திரட்டி வைத்த காகிதங்களை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.